சிரட்டைக்குள் கடல்

பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டி, மடியில் குப்புறக் கிடத்தி, கங்குச் சட்டியைக் குதிகாலால் கிட்டே இழுத்து, டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகைப் பொடியை அள்ளித் தூவுகிற வரைக்கும் கித்தேரிக்கு அன்றைக்கு ஒரு குறையும் கிடையாது. சோறு வடித்தாயிற்று, புளிக்குழம்பு தன்பாட்டுக்குக் கொதிக்கிறது, ஐந்து மாதத்து ஜெசிந்தா வெந்நீர்ச் சுகத்தில் கண் சொருகிக் கிடக்கிறாள், விடியுமுன்னே கடலுக்குப் போன புருசன் ரெமி உச்சி சாய்வதற்குள் கரைக்கு வந்துவிடுவான். வேறென்ன வேண்டும் ஒரு மனுசிக்கு. பொடி கங்கில் விழுந்தது, புகை எழுந்தது. வழக்கம்போலப் பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூக்குக்குள் புகை போகக் கூடாது, மயிருக்கு மட்டும் காட்டு, அதுவும் பேருக்கு என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். புகையைக் கையால் வளைத்து அந்தப் பூனைமயிருக்குள் விடப்போன கை பாதியில் நின்றது. என்ன வாசம் இது. பிள்ளை தலைக்குப் புகைக்கிற குந்திரிக்கம் கங்கில் விழுந்தால் முதலில் எலுமிச்சந்தோலை நகத்தால் கிள்ளினது போல மணக்கும், அப்புறம்தான் கோவில் வாசம் வரும், வெள்ளைப் புகை சோம்பேறி போலச் சுருண்டு சுருண்டு போகும். இதுவோ சடசடவென்று பொரிகிறது, கறுப்பாக நேரே மேலேறுகிறது, நாற்காலிக்குப் பாலிஷ் போடும் கடையைத் தாண்டிப் போகும்போது அடிக்கிற காரம் மூக்கில் ஏறுகிறது. சட்டியைக் காலாலேயே தள்ளிவிட்டாள். கங்கு சரியில்லையாக இருக்கும். சிரட்டைக் கங்கில் தார் இருந்திருக்கும். இல்லை, அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறதோ. இல்லை. அவளுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கடற்கரையில் வளர்ந்தவளுக்கு, வள்ளத்துக்குப் பூசுகிற குங்கிலியத்தின் வாசம் தெரியாமல் போகுமா. இது குங்கிலியம். அப்படியானால்.

அப்படியானால் என்கிற சொல்லுக்கு அந்தப் பக்கம் போக மனசு மாட்டேன் என்றது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து அடுக்களை மேல்தட்டில் இருந்த இன்னொரு டப்பாவை எடுத்தாள். அதே பால்மாவு டப்பா, அதே மூடி. உள்ளே ஒன்றும் இல்லை, முந்தாநாள் சாயங்காலம் அவள்தான் மொத்தத்தையும் சட்டியில் கவிழ்த்துத் தட்டினாள், ஒரு தூள் வீணாகக் கூடாது என்று அடியில் இரண்டு தட்டுக் கூடத் தட்டினாள். வெறும் டப்பாவுக்குள் மூக்கை விட்டாள். எலுமிச்சந்தோல். சேசுவே. குழந்தை தலைக்கென்று வாங்கிய குந்திரிக்கத்தைக் காய்ச்சி வள்ளத்துக்குப் பூசியாயிற்று, வள்ளத்துக்கு வாங்கிய குங்கிலியத்தைப் பிள்ளை தலைக்குப் புகைக்கப் பார்த்தேன், அந்த வள்ளத்தில்தான் அவர் இப்போது நடுக்கடலில் நிற்கிறார். இரண்டும் மரம் வடிக்கிற பிசின்தான், ஆனால் ஒன்று எண்ணெயில் கரைந்து கல்லாக இறுகும், தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. மற்றது வாயில் போட்டு மென்றாலே எச்சிலில் பால் போலக் கரைகிற சாதி. சின்ன வயதில் கோவிலில் பொறுக்கி மென்றிருக்கிறாள், பல்லில் வெள்ளையாய் ஒட்டிக்கொண்டு நாக்கெல்லாம் பால் பாலாக வரும், உபதேசியார் காதைத் திருகுவார். எச்சிலுக்கே கரைகிறது கடலுக்குக் கரையாதா. எவ்வளவு பெரிய எச்சில் கடல். இந்த நேரத்திலும் இப்படியொரு நினைப்பு வருகிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஜெசிந்தா தோளில் ஏப்பம் விட்டாள்.

எப்படி மாறியது. மாறுகிறதற்கு வழியே இல்லையே. மத்தியானம் பிள்ளை தூங்கினதும் உரலை எடுத்துப்போட்டு இரண்டையும் ஒரே மூச்சாக இடித்துவிட்டால் ஒரு தடவை உரலைக் கழுவினால் போதும் என்றுதான் முந்தாநாள் உட்கார்ந்தாள். பிசின் இடித்த உரலைக் கழுவுவதைவிட நாலு பேருக்குத் துணி துவைத்துவிடலாம், அப்படி ஒட்டும். அதனால்தான் சேர்த்து இடித்தது, கெட்டிக்காரத்தனம். கட்டியாக இருந்தபோது குருடி கூடச் சொல்லிவிடுவாள், குங்கிலியம் கண்ணாடிச் சில்லு போல மினுங்கும், குந்திரிக்கம் மாவு பூசிய கண்ணீர்த் துளி போல இருக்கும். பொடியாகிவிட்டால் இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள். அதற்காகத்தான் இடது கைப் பக்கத்து டப்பா வள்ளத்துக்கு, வலது கைப் பக்கத்து டப்பா பிள்ளைக்கு என்று மனசில் முடிச்சுப் போட்டு வைத்தாள். நடுவில் பிள்ளை அழுதது. எழுந்து போய்ப் பால் கொடுத்தாள். திரும்பி வந்தாள். வந்து, வந்து எங்கே உட்கார்ந்தேன். முதலில் உட்கார்ந்தபோது முகம் வாசலைப் பார்த்து இருந்தது, தெருவில் ஐஸ் வண்டி போனது ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது சுவரில் மாதா படம் தெரிந்தது, படத்துக்குக் கீழே பல்லி இருந்தது, அதைப் பார்த்து ச்சூ என்றாள். வாசலுக்கு எதிர்ச் சுவரில்தானே மாதா படம். உரலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். இடது வலதாகிவிட்டது, வலது இடதாகிவிட்டது. ஒரு பல்லியைப் பார்த்தவள் டப்பாவைப் பார்க்கவில்லை. மூக்கோ, பிள்ளைத்தாய்ச்சிக் காலத்துக்கு அப்புறம் வருகிற ஒவ்வொரு சளியும் தங்கிப் போகிறது, அந்த வாரம் பூராவும் அடைத்துக் கிடந்தது. நேற்று ராத்திரிதான் திறந்தது. இரண்டு நாள் முந்தித் திறந்திருக்கக் கூடாதா இந்தக் கேடுகெட்ட மூக்கு.

அவர் கேட்டாரே. அதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. வள்ளத்தின் அடிப்பலகையில் ஒரே ஒரு சந்துதான் வாய் திறந்திருந்தது, கை நீளம் இருக்கும், அதில் பஞ்சைத் திரித்துத் திணித்து, உளிமுனையால் இறுக்கி, மேலே பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூச வேண்டும். கலப்பத்து அடிக்கிறது என்பார்கள். ரெமி பஞ்சு திரித்துக்கொண்டிருந்தான், அவள் மூன்று கல் வைத்துச் சட்டியேற்றிப் புன்னையெண்ணெயில் பொடியைப் போட்டுக் கிண்டினாள். அவன் அங்கிருந்தே நிமிர்ந்து, "என்னட்டி, இன்னைக்கு என்னமோ பூசை மாதிரி மணக்குது," என்றான். அவள் என்ன சொன்னாள். "பிள்ளைக்காரி காய்ச்சினா மணக்கத்தான் செய்யும், உங்க ஆத்தா காய்ச்சினா நாறும்," என்றாள். சிரித்தான். சட்டியை வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான். ஒரு சிரிப்பில் போய்விட்டது. அவளுக்கு வாய் மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அவன் வந்து சட்டிக்குள் மூக்கை விட்டுப் பார்த்திருப்பான், அவனுக்குத் தெரியாதா, இந்தக் கரையிலேயே அவனுக்குத் தெரியாத பிசினா. வாய். எல்லாம் வாய். பள்ளிக்கூடத்தில் டீச்சர் இவள் பெயரை விட்டுவிட்டு வாயாடி என்றே கூப்பிட்டாள். அந்த டீச்சர்தான், சேசு பிறந்ததைப் பார்க்க வந்த மூன்று ராசாக்கள் திருநாளுக்கு அவளை ஒரு ராசாவாக வேசம் கட்டவிட்டாள், அட்டைக் கிரீடம், மீசை, கையில் குந்திரிக்கப் பெட்டி. பொன் ராசாவுக்கு, தூபம் கடவுளுக்கு, வெள்ளைப்போளம் சாகப்போகிற மனுசனுக்கு என்று ஒப்பிக்க வேண்டும். வெள்ளைப்போளமும் ஒரு மரத்துப் பிசின்தான், பிணத்துக்குப் பூசுவார்கள் என்று டீச்சர் சொன்னதும், பிறந்த பிள்ளைக்கு எவனாவது அதைக் கொண்டுபோய்க் கொடுப்பானா டீச்சர் என்று இவள் கேட்டு வகுப்பே சிரித்தது. இப்போது சிரிப்பு வரவில்லை. தூபம் பூசைக்கு மட்டுமா போடுகிறார்கள். சவப்பெட்டியைச் சுற்றியும்தான் சாமியார் தூபக்கலசத்தை ஆட்டிக்கொண்டு வருவார், சங்கிலி சிலுங் சிலுங் என்று சத்தம் போடும். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கடலில் போன ஆள் கிடைக்காமலே வெறும் பெட்டிக்கு. ஐயோ போதும். நில்லு. அந்தப் பக்கம் போகாதே. கல்யாணத்துக்கும் இதே வாசம்தான் அடித்தது. முழங்காலிட்டு இருந்தபோது புகை கண்ணில் பட்டு அவள் கண்ணைக் கசக்க, பொண்ணு அழுகுது என்று பின்னால் கிசுகிசுத்தார்கள், ரெமி முகத்தைத் திருப்பாமல், "புகையாலயா, என்னாலயா?" என்றான். அவனும் வாயாடிதான். அவன் வாய்க்குள் தண்ணீர் போகக் கூடாது. மாதாவே அவன் வாய்க்குள் தண்ணீர் போகக் கூடாது.

போனை எடுத்து அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் தேன் ஒழுகச் சொன்னாள். தொபியாஸ் அண்ணனுக்கு அடித்தாள், அவரும் அதே வள்ளத்தில்தான், அதே எல்லைக்கு வெளியேதான், அதே தேன்தான். எவடி நீ, உன் புருசன் கடலுக்குப் போயிருக்கிறானா? குழம்பை இறக்கினாள். என்ன ஆனாலும் குழம்பு அடிப்பிடிக்கக் கூடாது. பிள்ளையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தாள். யோசி. நடக்கிறதை நிறுத்து, உட்கார்ந்து யோசி. உட்கார்ந்தால் பயம் வருகிறது, நடந்தால் யோசனை வரவில்லை. துணி. வடிகட்டினோமே. சட்டியில் கொதித்ததை அப்படியே பூசவில்லை, அவருடைய பழைய லுங்கிச் சாரத்தைக் கிழித்து அதில் ஊற்றிப் பிழிந்துதானே கொடுத்தாள், எப்போதும் அப்படித்தான், மரத்தூள் மண்ணெல்லாம் தங்கிவிடும். அன்றைக்குத் துணியில் நிறையத் தங்கியது. வெள்ளையும் பழுப்புமாகக் கொழகொழவென்று ஒரு பிடி. கடைக்காரர் கலப்படம் பண்ணிவிட்டார் என்று திட்டிக்கொண்டே அதைக் கொல்லையில் வீசினாள். பாவம் அந்த மனுசர். அவர் கடையில் ஒரே பலகைக்கு முன்னால் எத்தனை விதமான ஆட்கள் நிற்பார்கள், வெள்ளிக்கிழமை கடைகடையாய்ப் புகை போடுகிற பாய், அம்மன் கோவில் பூசாரி, ஆசாரி, இவள். எல்லாருக்கும் அவர் ஏதோ ஒரு மரத்தின் கண்ணீரைத்தான் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். கலப்படம் அவரிடம் இல்லை, என் மண்டையில். ஆனால் நில்லு, நில்லு. துணியில் தங்கியது எது? எண்ணெயில் கரையாதது. எண்ணெயில் கரையாதது எது? தண்ணீரில் கரைகிறது, பால் பாலாக வருமே அது. அது கொல்லையில் கிடக்கிறது. அப்படியானால் சந்துக்குள் போனது எண்ணெயோடு சேர்ந்த பாதி மட்டும்தான். அந்தப் பாதி பிடிக்குமா? இறுகுமா? யார் கண்டது. இதுவரை எந்தப் பைத்தியக்காரியும் செய்து பார்த்ததில்லை.

செய்து பார்த்தால் என்ன. கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த சட்டியைத் திருப்பினாள். அடியில் ஒரு நெல்லிக்காயளவு மிச்சம் ஒட்டியிருந்தது. கட்டை விரலால் அமுக்கினாள். கல்லாக இல்லை, மெழுகாகவும் இல்லை, பிள்ளையின் காதுமடல் போல அமுங்கித் திரும்பியது. அதைச் சுரண்டி எடுத்தாள். கண் திறந்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றைத் தேடி எடுத்து, அந்த ஓட்டையில் திரித்த பஞ்சைத் திணித்து, அவர் செய்வது போலவே கத்திமுனையால் இறுக்கி, கங்குச் சட்டி ஓரத்தில் காட்டி இளக்கிய பிசினை மேலே பூசினாள். ஒரு கையால்தான், இன்னொரு கையில் ஜெசிந்தா. பிள்ளை பெற்ற நாளிலிருந்து எல்லாம் ஒரு கை வேலைதான், மாதா சிலையைக் கூட ஒரு கையால் துடைக்கப் பழகிவிட்டாள். செம்பில் தண்ணீர் எடுத்து உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, நாக்கில் விட்டுப் பார்த்து, கடல் இதைவிடக் கரிக்கும் என்று இன்னும் ஒரு பிடி போட்டாள். சிரட்டையை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் தொங்கலாக வைத்து உப்புத் தண்ணீரை ஊற்றினாள். கீழே ஒரு எவர்சில்வர் தட்டு. இப்போது கடல் உள்ளே இருக்கிறது, காற்று வெளியே இருக்கிறது. வள்ளத்தில் அது தலைகீழ். தலைகீழானால் என்ன, சந்துக்கு யார் எந்தப் பக்கம் தள்ளினாலும் தள்ளுதான். பிள்ளைக்கு மார்பைக் கொடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, சிரட்டையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை. வழவழவென்று ஒரு கறுப்பு அடி. ஜெசிந்தா சப்பிச் சப்பி மூச்சு விட்டாள். பிரசவத்தில் கிழிந்து தையல் போட்டார்கள், தையல் பிரிந்துவிடுமோ என்று தும்மக் கூடப் பயந்து கிடந்த நாள்கள் ஞாபகம் வந்தது. அப்போதும் கட்டிலுக்குக் கீழே கங்கு வைத்துச் சாம்பிராணி போட்டார்கள், புண் ஆறும் என்று. ஆறியது. புகையால் ஆறியதோ ஊசியால் ஆறியதோ. மரத்தில் வெட்டினால் பால் வருகிறது, அந்தப் பால் நமக்காக வருகிறதா என்ன. தன் வெட்டைத் தானே அடைத்துக்கொள்ள வருகிறது. அதை நாம் சுரண்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். மரத்தின் புண்ணை அடைத்த சாமான் பலகையின் புண்ணை அடைக்காதா. அடைக்கும். குந்திரிக்க மரமும் மரம்தானே. அது மட்டும் விளையாட்டுக்கா வடிக்கிறது.

துளியா அது?

இல்லை, நிழல். இல்லை, துளிதான். ஊசிமுனை அளவு, பிசின் பூசிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி மினுங்கியது. சிரட்டையை வைத்தபோது அவள் கையிலிருந்த ஈரமாக இருக்கலாம். குளிப்பாட்டிய கை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நாக்குச் சொல்லுமுன்னே மனசு சொல்லிவிட்டது. உப்பு.

சொல்லாமல் இருந்துவிட்டால்? அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பல்லியைப் போலச் சத்தமில்லாமல் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் நல்லபடியாக வந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பழைய பலகை, ஒழுகுது என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். நாளைக்குக் காலையில் தங்கல் கடலுக்குப் போகப்போகிறார்கள், இரண்டு மூன்று நாள் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கிறது. இன்றைக்குப் போனது ஒரு வெள்ளோட்டம் மாதிரிதான். அதற்குள் தெரியாமல் போய்க் குங்கிலியத்தைக் காய்ச்சி அவளே மேலே ஒரு பூச்சுப் பூசிவிட்டால்? தெரியாமல் எப்படிக் காய்ச்சுவாய், புகை ஊருக்கே சொல்லும். இளகிய பூச்சுக்கு மேலே பூசினால் பிடிக்கவும் செய்யாது, தோலோடு உரிந்து வரும். வாயாடிக்கு இப்போது வாய் எங்கே போயிற்று. சொன்னால் அவர் என்ன செய்வார், அடிக்கிற ஆள் இல்லை, ஆனால் பார்ப்பார். ஒரு பார்வை பார்ப்பார். அவர் அம்மா பார்ப்பாள், தெரு பார்க்கும், ரெமி பெண்டாட்டி பூசைச் சாமானை வள்ளத்துக்குப் பூசினாளாம் என்று பிள்ளைகள் கூடப் பாட்டுக் கட்டும். கட்டட்டும். அவர் இருந்து அதைக் கேட்கட்டும்.

"ஏட்டி கித்தேரி, என்ன, சிரட்டைக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டு இருக்கே?"

வாசலில் வியாகுலம் அக்கா, தொபியாஸ் அண்ணன் பெண்சாதி. பெயர்தான் வியாகுலம், இந்தத் தெருவில் அவளைப்போலச் சிரிக்க ஆள் கிடையாது. கையில் முருங்கைக்கீரை. தொபியாஸ் அண்ணனும் அந்த வள்ளத்தில்தான் என்று கித்தேரி நினைப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னாள். உரல், பால் கொடுத்தது, உட்கார்ந்த பக்கம், பல்லி, சட்டி, துணி, உப்பு. மூச்சு விடாமல் சொல்லி முடித்தபோது அக்கா கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், அப்புறம் சிரிப்பு மெல்ல நின்றது.

"எங்க வீட்டு ஆளும் அதுலதானட்டி போயிருக்காரு."

"தெரியும்க்கா. அதாம் ஒனக்கு முதல்ல சொல்லுதேன்."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரட்டையின் அடியை எட்டிப் பார்த்தாள். இரண்டு பெண்களும் ஒரு சிரட்டைக்கு முன்னால் குந்தியிருக்க, அடுத்த துளி கூடிக்கூடிக் கனத்து, விழலாமா வேண்டாமா என்று நின்று, விழுந்தது. தட்டில் டிங் என்றது. அடுத்தது வர நேரம் ஆயிற்று. ஜெசிந்தா ஒரு பக்கம் குடித்து முடித்து மறுபக்கம் மாறினாள், அதற்கப்புறம்தான் வந்தது.

"இந்த வேகத்துல முங்கணும்னா வார கிறிஸ்மஸ் ஆயிரும்," என்றாள் அக்கா.

"சிரட்டை ஆடாம இருக்குல்லாக்கா. வள்ளம் ஆடுமே."

அக்கா சிரட்டையை இரண்டு விரலால் பிடித்துத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டினாள். துளி சீக்கிரம் சீக்கிரம் வந்தது. கித்தேரிக்குப் பால் சுரப்பே நின்றுவிட்டது போலிருந்தது, பிள்ளை மார்பை விட்டுவிட்டு நிமிர்ந்து முறைத்தது. ஆனால் பிசின் விலகவில்லை. அக்கா இன்னும் வேகமாக ஆட்டினாள், தண்ணீர் வெளியே தளும்பிற்று, பிசின் விலகவில்லை. வியர்க்கிறது, உடையவில்லை. தண்ணீர் வெள்ளையாகக் கலங்கவும் இல்லை, ஊற்றினபடியே தெளிவாக நிற்கிறது. கரைகிற பாதி கொல்லையில்தான் கிடக்கிறது, கித்தேரி, நீ நினைத்தது சரிதான். "ஒழுகாத மர வள்ளம் எந்தக் கடல்லட்டி ஓடுது, இறைக்கிறதுக்குத்தானே வாளி வச்சிருக்கானுவ," என்று அக்கா சொன்னாள், சொல்லிக்கொண்டே மடியிலிருந்து போனை எடுத்தாள். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தனுக்கு அடித்தாள். "லேய் சூசை, ஒன் ஃபைபர் வள்ளத்துல டீசல் கிடக்கா? கேள்வியெல்லாம் அப்புறம் கேளு. அண்ணன் வள்ளம் தண்ணி வாங்குது. எப்படித் தெரியுமா, சிரட்டைய வச்சு ஜோசியம் பார்த்தோம். சிரிக்காதலே, கிளம்பு, நாங்க வாரோம்."

கரைக்குப் போகிற மணல் காலைச் சுட்டது. பிள்ளைக்குத் தலையில் துண்டு. நடக்க நடக்க அவளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. சிரட்டை ஓட்டை எவ்வளவு, சந்து எவ்வளவு, கை நீளம், அப்படியானால் இத்தனை மடங்கு. அந்தக் கணக்கு ஒரு இடத்துக்கும் போய்ச் சேரவில்லை, ஆனாலும் அதை விடவும் முடியவில்லை, விட்டால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். சந்து பெரிசு, ஆனால் பஞ்சும் நிறைய. பஞ்சு ஊறினால் உப்பும், உப்பினால் இன்னும் இறுகும். பலகையும் ஊறும். ஊறி ஊறி ஒன்றையொன்று நெருக்கும். புருசன் பெண்டாட்டி மாதிரி என்று நினைத்து, இந்த நேரத்திலா என்று நினைத்து, இந்த நேரத்தில்தான் என்று நினைத்தாள். பயப்படுகிறவளுக்குத் தமாசு வரக் கூடாது என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. சூசை வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளி எஞ்சினுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். "அங்க பாருங்க," என்றான். தூரத்தில் ஒரு நீலம். நீலத்துக்கு மேல் ஒரு மஞ்சள் பட்டை. அவர்கள் வள்ளம்தான், போன மாதம் அவளும் சேர்ந்துதான் அந்த மஞ்சளை அடித்தாள், அப்போது தெறித்த ஒரு துளி இன்னும் வீட்டுக் கதவில் இருக்கிறது. வருகிறது. ஆனால் தாழ்ந்து வருகிறது. மஞ்சள் பட்டை பாதிதான் தெரிகிறது. மீன் நிறையக் கிடந்தாலும் தாழும், தண்ணீர் நிறையக் கிடந்தாலும் தாழும். எது? ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறது? ஒரு ஆள் நிற்கிறான், சுக்கான் பிடித்திருக்கிறான். இன்னொரு ஆளைக் காணோம். காணோமே. அக்காவின் விரல்கள் அவள் தோளைக் கவ்வின. யார் நிற்கிறது, உன் ஆளா என் ஆளா, இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போது வள்ளத்துக்குள்ளிருந்து ஒரு தலை நிமிர்ந்தது, ஒரு வாளி நிமிர்ந்தது, வெயிலில் கண்ணாடித் தகடு போல ஒரு தண்ணீர் வெளியே விழுந்தது. குனிந்தது. மறுபடி நிமிர்ந்தது. மறுபடி ஒரு தகடு. அந்தத் தலையைக் கித்தேரி எவ்வளவு தூரத்திலும் கண்டுபிடித்துவிடுவாள். உலகத்தில் இப்படி ஒரு அழகான வேலையை ஒரு மனுசன் செய்து அவள் பார்த்ததில்லை, குனிகிறான், நிமிர்கிறான், குனிகிறான், நிமிர்கிறான்.

வள்ளம் மணலில் மூக்கை முட்டியதும் ரெமி இடுப்பளவு தண்ணீரில் குதித்தான். "என்னட்டி, பிள்ளைய இந்த வெயில்லயா தூக்கிட்டு வருவ?"

"தண்ணி எவ்வளவு வந்துச்சு?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

தொபியாஸ் அண்ணன் சுக்கானை விட்டுவிட்டுத் தோளை உருட்டினார். "கணுக்கால் அளவு நின்னுச்சும்மா, இறைச்சு இறைச்சுத் தோளு கழண்டுட்டு. அவன் பலகைய ஏசுதான், நான் அவன ஏசுதேன். பழைய பலகை, இத்துப்போச்சு. சாயங்காலம் மேல ஒரு பூச்சுப் பூசிட்டு நாளைக்குத் தங்கலுக்குப் போயிரலாம்னு பேசிட்டே வந்தோம்."

மேலே ஒரு பூச்சு. இளகியதன் மேலே. தங்கலுக்கு.

"பலகை நல்லாத்தான் இருக்கு," என்றாள் கித்தேரி. குரல் அவளுக்கே அன்னியமாகக் கேட்டது, சத்தமாக வேறு வந்துவிட்டது, பக்கத்து வள்ளத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "நான்தான் டப்பாவ மாத்திட்டேன். குங்கிலியம்னு நினைச்சு குந்திரிக்கத்தக் காய்ச்சிட்டேன். மேல பூசினா நிக்காது. எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டுத் திரும்ப அடிக்கணும்."

ரெமி பார்த்தான். அவள் பயந்த அந்தப் பார்வைதான், அப்படியேதான் இருந்தது, ஆனால் அது அவள் முகத்தில் நிற்கவில்லை, அவளைத் தாண்டிக் கடலுக்குப் போயிற்று, தூரத்தில் எங்கேயோ நாளைக்குப் போக இருந்த இடத்துக்குப் போய் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திரும்பி வந்தது. "இத நீ சொல்லலன்னா," என்றான். தொபியாஸ் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். "என்ன இப்போ சிலுவை," என்றாள் வியாகுலம் அக்கா, "வந்துட்டியள்லா. இறங்குங்க. இறைக்கிற கைக்கு வீட்டுல ஒரு குடம் தண்ணி தூக்கச் சொன்னா மட்டும் வலிக்கும்." சூசை சிரித்தான். பக்கத்து வள்ளத்துக்காரர்களும் சிரித்தார்கள். எல்லாருமாகச் சேர்ந்து மீனை இறக்கி, வள்ளத்தை மணலில் ஏற்றி ஒருக்களித்துச் சாய்த்தார்கள்.

கித்தேரி பிள்ளையை ரெமியிடம் நீட்டினாள். "என் கையெல்லாம் மீனு," என்றான். "உங்க மகதானே, மீன் நாத்தம் பழகட்டும்." உளியை எடுத்துக்கொண்டு வள்ளத்தின் அடிக்குக் கீழே மண்டியிட்டாள். சந்தின் ஒரு முனையைக் குத்தி நெம்பினாள். பிசின் முறியவில்லை, ஜவ்வாக இழுபட்டு, பஞ்சையும் சேர்த்துக் கொண்டுவந்தது, நனைந்த பஞ்சு, சடை போல. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவ்வளவு நேரம் அவர்கள் இரண்டு பேரையும் மிதக்கவிட்டது அந்த இடம்தான் போலிருக்கிறது. அதை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, உளியைச் சாய்த்து வைத்துத் தட்டினாள். மேலே ஜெசிந்தா சிணுங்க ஆரம்பித்தாள், சிணுங்கல் அழுகையாயிற்று, அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ரவிக்கை நனைந்தது.

"ஏட்டி, பிள்ளை பாலுக்கு அழுது," என்றான் ரெமி. பிறகு குனிந்து, வள்ளத்துக்கு அடியில் எட்டிப் பார்த்து, "அப்போ நாளைக்குத் தங்கல்?" என்றான்.

"நாளைக்கு இல்ல. அடிச்சது காயணும். நாளன்னைக்குப் போங்க," என்றாள் அவள், நிமிராமலே, பஞ்சின் அடுத்த முடிச்சை உருவிக்கொண்டு. "கொஞ்சம் தூக்கிவச்சு ஆட்டுங்க அவள. இந்தா, இந்த ஓரம் மட்டும்தான் பாக்கி."